ஏழு விநாடி கழித்துக் கேட்கும் குரல்

சிட்னியிலோ மெல்பர்னிலோ, நேயர்கள் போனில் பேசும் டாக்பேக் வானொலிக்கு முதல் தடவை போன் போடுகிறவரிடம், வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் பேசவிடுவார்கள். குறைக்காவிட்டால் தடுமாறிப்போவார். இப்போது பேசிய பேச்சு சில விநாடி கழித்துச் சமையலறை ரேடியோவிலிருந்து அவருக்கே திரும்பி வரும். அந்த இடைவெளிக்குள் யாராவது வசைச்சொல்லை உதிர்த்தாலோ, இன்னொருவர் மேல் அபாண்டமாகப் பழி போட்டாலோ, கலையகத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தி அதை ஊர் கேட்காமல் தடுத்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் 1967 ஏப்ரல் வரை நேயரின் தொலைபேசிக் குரலை ஒலிபரப்பச் சட்டம் இடம் தரவில்லை. அறிவிப்பாளர் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் சொன்னதைத் தன் குரலில் திருப்பிச் சொல்வார். அனுமதி கிடைத்தபோது, அதோடு சேர்ந்து வந்த பாதுகாப்புதான் ஏழு விநாடி தாமதம். அன்று முதல் கடைக்காரரும் லாரி ஓட்டுநரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் தங்கள் சொந்தக் குரலிலேயே நாட்டு நடப்பைப் பேசத் தொடங்கினார்கள்.

டாக்பேக் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றான சிட்னியின் 2ஜிபி நிலையத்துக்குச் சென்னையோடு ஒரு பழைய உறவு உண்டு. அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் ஆஸ்திரேலிய அன்பர்கள் 1926இல் தொடங்கிய நிலையம் அது. பெயரில் உள்ள ஜி, பி என்ற எழுத்துகள், 1600இல் ரோமில் உயிரோடு எரிக்கப்பட்ட சிந்தனையாளர் ஜியோர்தானோ புருனோவைக் குறிப்பவை. கருத்துக்காக உயிர் விட்டவரின் பெயரில் பிறந்த நிலையம், பின்னாளில் கருத்தையே பெரும் வணிகமாக நடத்தும் இடமானது.

அந்த வணிகத்தின் முதல் நட்சத்திரம் ஜான் லாஸ். ஆழ்ந்த குரலுக்காகத் 'தங்கத் தொண்டைக்காரர்' என்றே அழைக்கப்பட்டார். 1950களில் மைக்கைப் பிடித்தவர் 2024இல்தான் கடைசியாகக் கீழே வைத்தார். மறு ஆண்டு தம் 90ஆவது வயதில் காலமானார். அடுத்தவர் ஆலன் ஜோன்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்து, ஆஸ்திரேலிய ரக்பி அணிக்குப் பயிற்சியாளராகி, 1985இல் வானொலிக்கு வந்தவர். இவர்களுக்கு இருந்த செல்வாக்கு அரசியல்வாதிகளுக்கு நன்றாகவே தெரியும். ஜான் லாஸுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிட்டால் நாட்டுக்கே புரியவைத்த மாதிரி என்ற பொருளில் பேசியவர், பிரதமராக இருந்த பால் கீட்டிங்.

நேயர்கள் ஏன் இந்த நிகழ்ச்சிகளை விடாமல் கேட்கிறார்கள்? அரசியல் சண்டைக்காக என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கிரேம் டர்னர் போன்ற ஆய்வாளர்கள் நிகழ்ச்சிகளை உட்கார்ந்து கேட்டுப் பகுத்துப் பார்த்தபோது, அன்றாட வாழ்க்கைப் பேச்சுக்கு அங்கே நிறைய இடம் இருப்பதைக் கண்டார்கள். மெல்பர்னின் 3ஏடபிள்யூ நிலையத்தில் 'வதந்திக் கோப்பு' என்றே ஒரு காலைப் பகுதி உண்டு. காதில் விழுந்ததை நேயர்கள் போனில் சொல்வார்கள், அதில் சில பிறகு செய்தியாகவே உறுதிப்படும். இரவு நிகழ்ச்சிகளின் நேயர்களில் வயதானவர்கள் அதிகம். தனியாக வாழும் ஒரு முதியவருக்கு, இரவு பதினோரு மணிக்குப் பழைய சினிமாக் கொட்டகையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. "பல வருஷமாகக் கேட்கிறேன், இப்போதுதான் முதல் தடவையாகக் கூப்பிடுகிறேன்" என்று கூச்சத்தோடு தொடங்கும் நேயர்களின் அந்த முதல் வரி, ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டது.

கூப்பிட்டவர் எல்லாம் பேசிவிட முடியாது. போனை முதலில் எடுப்பவர் தயாரிப்பு உதவியாளர். பெயர் என்ன, எந்தப் பகுதி, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்வார். அது ஒரே வரியாகக் கலையகத் திரையில் தோன்றும். வரிசையில் காத்திருப்பவர்களில் யாரை எடுப்பது, யாரை விடுவது, எப்போது துண்டிப்பது என்பதெல்லாம் நிகழ்ச்சி நடத்துபவர் கையில். ஆகவே வானொலியில் கேட்கும் 'மக்கள் கருத்து' வடிகட்டி வந்த கருத்துதான். அதோடு, கேட்பவர்களில் போன் எடுப்பவர்கள் மிகச் சிலர். மற்ற அத்தனை பேரும் வாய் திறக்காத நேயர்கள்.

அந்த வாய் திறக்காதவர்களின் கருத்தை நிலையங்கள் வேறு விதமாக அளக்கின்றன. ஆண்டுக்கு எட்டு முறை நகரங்களில் கணக்கெடுப்பு நடக்கும். தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஒரு டைரி வரும். நாள் முழுவதையும் கால் மணி நேரக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டோம், வீட்டிலா காரிலா என்று ஒரு வாரத்துக்குக் குறித்துத் தர வேண்டும். இப்போது இது கணினிக்கும் கைபேசிக்கும் மாறிவருகிறது. விளம்பரக் கட்டணம், நடத்துபவரின் சம்பளம் எல்லாம் இந்தக் கட்டங்களில் விழும் குறிகளைச் சுற்றியே அமைகின்றன. கேட்டாரா இல்லையா என்பதைக் குறி சொல்லிவிடும். கேட்டதை ஏற்றுக்கொண்டாரா என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

கேட்டதை ஏற்றுக்கொள்ளும் அந்த நம்பிக்கையும் விலைபோகக்கூடியது என்பது 1999இல் அம்பலத்துக்கு வந்தது. வங்கிகளை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஜான் லாஸ் திடீரென்று தணிந்துபோனார். வங்கிகள் சங்கம் பத்து லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தம் ஒன்றை அவரோடு பேசியிருந்ததை, அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் 'மீடியா வாட்ச்' நிகழ்ச்சி வெளிக்கொண்டுவந்தது. ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை தொடங்கியதும் ஜோன்ஸ் உட்பட மற்றவர்களும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 2000 பிப்ரவரியில் வந்த அறிக்கை சிட்னி, மெல்பர்ன், அடிலெய்ட், பெர்த் நகரங்களின் நிலையங்களில் விதிமீறல் நடந்ததாகச் சொன்னது. லாஸின் வாதம் நேரடியானது: தாம் பத்திரிகையாளர் இல்லை, பொழுதுபோக்குக் கலைஞர். ஆனால் காலையில் அவர் சொன்னதை நம்பி வங்கிக்கு நடந்த நேயருக்கு இந்தப் பாகுபாட்டை யார் சொன்னார்கள்? விளம்பரத்தை விளம்பரம் என்று தெரிந்து கேட்பது வேறு. நண்பர் மாதிரி தினமும் பேசுகிறவரின் மனசிலிருந்து வந்த வார்த்தை என்று நம்பி, காசுக்கு விற்கப்பட்ட வார்த்தையைக் கேட்பது வேறு.

இருந்தும் நேயர்கள் விலகவில்லை. லாஸும் ஜோன்ஸும் முன்னணியிலேயே இருந்தார்கள். ஜோன்ஸ் 2002இல் 2ஜிபிக்கு மாறியபோது அவருடைய நேயர்களும் கூடவே போனார்கள். சோர்ந்து கிடந்த நிலையம் சிட்னியின் முதலிடத்துக்கு ஏறியது. நேயர்களை ஏமாளிகள் என்று சொல்வது எளிது, நியாயமில்லை. யாரும் காது கொடுக்காத தங்கள் குறைகளைத் தினமும் எடுத்துப் பேசியவர் என்ற நன்றி அவர்களுக்கு இருந்தது. சொந்தக்காரர் ஒருவர் தவறு செய்துவிட்டார் என்பதற்காக உறவை அறுத்துக்கொள்கிறோமா? ஆனாலும் அந்த அறிக்கையால் பலன் உண்டு. 2001 முதல், தங்களுக்குப் பணம் தரும் நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது அந்தத் தொடர்பை நடத்துபவர்கள் ஒலிபரப்பிலேயே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கூட்டமும் உண்டு: ஒலிபரப்பைக் கேட்காமலே அதன் அடியைத் தாங்குகிறவர்கள். 2005 டிசம்பரில் சிட்னியின் குரோனுல்லா கடற்கரையில் மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்கள் போலத் தெரிந்தவர்களை ஒரு பெருங்கூட்டம் தாக்கியது. அதற்கு முந்தைய நாட்களில், மோட்டார் சைக்கிள் கும்பல்களை அங்கே வரவழைக்கலாம் என்று நேயர் ஒருவர் எழுதிய யோசனையை ஜோன்ஸ் வாசித்திருந்தார். அந்நாட்களின் ஒலிபரப்பில் வன்முறையைத் தூண்டக்கூடிய பேச்சும், ஓர் இனத்தை இழிவுபடுத்தும் பேச்சும் இருந்ததாக ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் முடிவு செய்தது. 2011இல் குவீன்ஸ்லாந்தின் கிரான்தம் ஊரை வெள்ளம் அடித்துப்போனதில், வாக்னர் குடும்பத்தின் கல்குவாரிச் சுவர் இடிந்ததுதான் மரணங்களுக்குக் காரணம் என்று 2014, 2015 ஆண்டுகளில் ஜோன்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை அவதூறு என்று தீர்த்த நீதிமன்றம், 2018இல் நான்கு சகோதரர்களுக்கும் சேர்த்து 37 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. தப்புத் தப்பாகப் பேசியவரைத் திருத்தச் சில ஆண்டுகளும் ஒரு பெரிய வழக்கும் தேவைப்பட்டன.

கேட்காதவர்கள் தங்கள் பலத்தைக் கண்டுகொண்டது 2012இல். தந்தையை இழந்து சில நாட்களே ஆகியிருந்த பிரதமர் ஜூலியா கில்லார்டைப் பற்றி, மகளின் பொய்களால் வந்த அவமானத்திலேயே அவர் இறந்தார் என்று ஜோன்ஸ் ஒரு விருந்தில் பேசியது வெளியே கசிந்தது. எதிர்ப்பு மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆனால் கோரிக்கை நிலையத்தின் வாசலோடு நிற்காமல் விளம்பரதாரர்களிடம் போய் நின்றது. மெர்சிடிஸ் பென்ஸ் உட்படப் பல நிறுவனங்கள் விலக, நிலையமே அந்த நிகழ்ச்சியின் விளம்பரங்களை எல்லாம் சில நாள் நிறுத்தி வைத்தது. 2019இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெனின் தொண்டையில் காலுறையைத் திணிக்க வேண்டும் என்று ஜோன்ஸ் ஒலிபரப்பிலேயே சொன்னபோதும் இதே கதை. இம்முறை விளம்பரதாரர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். மறு ஆண்டு மே மாதம், உடல்நிலையைக் காரணம் சொல்லி அவர் ஓய்வு பெற்றார். அப்போதும் கணக்கெடுப்பில் அவர்தான் முதலிடம்.

விளம்பரதாரரை நெருக்கும் வழியில் ஒரு கவலையும் இருக்கிறது. இன்று வெறுப்புப் பேச்சுக்கு எதிராகச் செய்வதை, நாளை நேர்மையான விமர்சகருக்கு எதிராகவும் செய்யலாம். அதனால் சத்தமில்லாத இன்னொரு வழியையும் நேயர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. குறை இருந்தால் முதலில் நிலையத்துக்கு எழுத வேண்டும். 60 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம்.

இந்த வழிக்கு ஓர் உதாரணம்: 2011 மார்ச்சில், காற்றில் உள்ள கரியமில வாயுவில் மனிதர்களின் பங்கு 0.001 சதவீதம்தான் என்று ஜோன்ஸ் சொன்னார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு, அவர் பேசிய ஆண்டில் 390ஐத் தாண்டியிருந்தது. கூடியதெல்லாம் மனிதரின் கைவேலை. புகார் போனது.  விசாரணை முடிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. 2012இல் தீர்ப்பு நிலையத்துக்கு எதிராக வந்தது. அதன் பிறகு ஜோன்ஸ் தகவல் துல்லியம் பற்றிய பயிற்சிக்கு உட்கார வேண்டியிருந்தது. அவர் படிக்கப்போகும் தகவல்களை ஒலிபரப்புக்கு முன் சரிபார்க்கும் வேலை தயாரிப்பாளர்களுக்கு வந்து சேர்ந்தது.