வாரத்தில் ஆறு நாள் வேறு வேலை

இருசக்கர வாகனக் கடனுக்கான விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்றொரு கட்டம் உண்டு. விண்ணப்பதாரர் அதை ஓரிரு சொற்களில் நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவார். கடன் பிரிவில் பணியாற்றும் நாங்கள் அங்கேதான் சற்று நின்று படிப்போம். 100 சி.சி. வண்டிக்கான விண்ணப்பமாயின் அதில் வியப்பு ஏதும் இராது. வேலைக்குச் சென்றுவர ஒரு வாகனம் வேண்டும், அவ்வளவே. 350 சி.சி.க்கும் மேற்பட்ட வண்டி, இரண்டு லட்சத்தைத் தாண்டிய விலை, கூடவே நெடும்பயணத்துக்கான பக்கப் பெட்டிகள் என்று விலைப்பட்டியல் வரும்போதுதான் அந்தக் கட்டம் சுவை பெறுகிறது.

திரைப்படங்கள் நமக்குப் பழக்கிய உருவம் வேறு. தோல் மேலங்கி, தாடி, கவலையற்ற முகம்; அந்த இளைஞன் என்ன வேலை பார்க்கிறான் என்று கதையில் எவரும் கேட்பதில்லை. எங்கள் மேசைக்கு எதிரே வந்து அமர்பவரோ மயக்க மருந்து நிபுணராக இருக்கிறார். உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியையாக இருக்கிறார். ஜவுளிக்கடை உரிமையாளராகவோ சரக்கு ரயில் ஓட்டுநராகவோ பட்டயக் கணக்காளராகவோ இருக்கிறார். வயதும் பெரும்பாலும் நாற்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கும். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைப்புத்தொகை போட்ட பிறகே தமக்கென ஒரு வண்டியைப் பற்றி விசாரிக்கத் துணிந்தவர்கள் இவர்களில் பலர். பணிமாற்றத்தால் பல மாநிலங்களில் பணியாற்றிய எங்களுக்கு மொழியும் உணவும் மாறிய இடங்களிலும் இந்தக் காட்சி மாறியதில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்பதை வண்டியின் வரலாறே காட்டும். புல்லட் நம் நாட்டுக்குள் பொழுதுபோக்காக வரவில்லை. எல்லைக் காவலுக்கான ராணுவ வாகனமாக வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையில் அது உருவாகத் தொடங்கிய பின்னரும் நெடுங்காலம் அது படைவீரரின் வண்டியாகவும் காவல் அதிகாரியின் வண்டியாகவுமே அறியப்பட்டது. வட மாநிலங்களிலோ அது பால்காரரின் வண்டியும்கூட. இருபுறமும் கனத்த பால் கேன்கள் தொங்க, விடியலில் கிராமத்திலிருந்து நகருக்கு வரும் ‘தூத்வாலா’க்களைத் தில்லியிலோ மீரட்டிலோ பணியாற்றிய எவரும் மறந்திருக்க முடியாது. ராஜ்தூத்தும் அப்படியே. அழகுக்காக எவரும் அதை வாங்கியதாகத் தெரியவில்லை. சுமை தாங்கும், கிராமத்து மெக்கானிக்கின் கைக்கு அடங்கும் என்பதற்காகவே வாங்கினார்கள்.

அந்தப் பழைய ராஜ்தூத் ஒன்றில்தான் மகேந்திர சிங் தோனியின் மோட்டார் சைக்கிள் ஆர்வம் தொடங்கியது. இன்று ராஞ்சி வீட்டில் அவர் சேர்த்து வைத்திருக்கும் வண்டிகள் நாடறிந்தவை. ஆயினும் இந்திய அணிக்குள் வருவதற்கு முன் அவர் கரக்பூரில் ரயில்வே பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றினார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்நாளில் அவர் கடன் விண்ணப்பம் கொடுத்திருந்தால் தொழில் என்ற கட்டத்தில் அதைத்தான் எழுதியிருப்பார். நடிகர் அஜித்குமாரின் நெடும்பயணங்களைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மைசூரின் கதை வேறொரு வகை. 1960களின் தொடக்கத்தில் அங்கே ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலை, பின்னர் யெஸ்டி என்ற பெயரில் தொடர்ந்து, 1996இல் மூடப்பட்டது. ஆலை போயிற்று, வண்டிகள் போகவில்லை. கர்நாடகத்தில் ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று பழைய ஜாவாக்களும் யெஸ்டிகளும் ஒன்றுகூடும் நிகழ்ச்சியைக் காண்போர், வண்டிகளுக்கு அருகே நிற்பவர்களோடு சற்றுப் பேசிப் பார்க்க வேண்டும். அச்சகம் நடத்துபவர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர், மென்பொருள் நிறுவனத்தில் நாள் முழுதும் திரையைப் பார்த்திருப்பவர் என்று அந்த வரிசை நீளும். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டும் கலை அவர்கள் எல்லோருக்கும் பொது. உதிரிபாகம் கிடைக்காதபோது லேத் பட்டறைக்காரரிடம் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். அவ்விடத்தில் பல் மருத்துவர் மாணவராகிறார், பட்டறைக்காரர் ஆசிரியராகிறார்.

மோட்டார் சைக்கிளையே தொழிலாகக் கொண்டவர்கள் மிகச் சிலரே. 2015இல் டாக்கர் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ், 2019இல் பாஹா உலகக்கோப்பையின் மகளிர் பிரிவில் வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸே போன்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். படைத்துறையில் இன்னொரு வகையினர் உண்டு. ராணுவ சிக்னல்ஸ் பிரிவின் ‘டேர் டெவில்ஸ்’ குழு 1935 முதல் சாகசங்களை நிகழ்த்தி வருகிறது. எல்லைப் பாதுகாப்புப் படைப் பெண்களின் ‘சீமா பவானி’ குழு 2018 குடியரசு நாள் அணிவகுப்பில் நாடு முழுவதன் கவனத்தையும் ஈர்த்தது. இவர்களுக்கும் அன்றாடப் பணி சாகசமன்று, எல்லையும் தகவல்தொடர்பும்தான்.

இந்தக் கட்டுரைக்குள் வந்தே தீர வேண்டிய இன்னொருவர் மேற்கு வங்கத்து ஜல்பைகுரி மாவட்டத்தைச் சேர்ந்த கரீமுல் ஹக். அவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தாயை இழந்தவர். பின்னொரு நாள் உடன் பணிபுரிந்தவர் மயங்கி விழ, அவரைத் தம் முதுகோடு சேர்த்துக் கட்டி மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்று காப்பாற்றினார். அதன்பின் அந்த வண்டியே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கட்டணமில்லாத ஆம்புலன்ஸ் ஆயிற்று. 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரை ‘ஆர்வலர்’ என்று அழைப்பது பொருந்துமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. பொருந்தாமல் இருக்கலாம், அதற்காக அவரை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

மற்றவர்களுக்கு வருவோம். நெடும்பயணம் போக வேண்டுமெனில் பணத்தைவிட அரிதான பொருள் விடுப்பு. மணாலியிலிருந்து லேவுக்குச் செல்லும் சாலை பனி விலகி, பெரும்பாலும் மே இறுதியிலோ ஜூனிலோதான் முழுமையாகத் திறக்கும். அக்டோபரில் மீண்டும் மூடத் தொடங்கும். இடையில் 16,000 அடியைக் கடந்த கணவாய்கள் உள்ளன. அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவிக்கும் பலகையும் வழியில் உண்டு. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் குறைவு. இந்தச் சில மாதங்களுக்குள் யார் எப்போது போக முடியும் என்பதை அவரவர் தொழிலே தீர்மானிக்கிறது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையின் கடைசி நாட்களும் சாலை திறக்கும் நாட்களும் நூலிழையில் ஒத்துவரும். பஞ்சாப் விவசாயிக்குக் கோதுமை அறுவடை முடிந்தபின் ஓர் இடைவெளி கிடைக்கும். ஆனால் ஜூனில் நெல் நடவு தொடங்கிவிட்டால் அவர் வயலை விட்டு நகர முடியாது. கணக்காளர்களுக்கு ஜூலை, செப்டம்பர் மாதங்களின் இறுதி நாட்கள் ஆகவே ஆகா. ஜவுளி வியாபாரி தீபாவளி நெருங்கும் பருவத்தில் பயணத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. விடுப்பே கிடைக்காதவர்களுக்கு ஞாயிறு விடியல் இருக்கிறது: பெங்களூருவினர்க்கு நந்தி மலை, மும்பையினர்க்கு லோனாவாலா, தில்லியினர்க்கு முர்த்தலில் சூடான பராத்தா. பகலுணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

பெண்களின் நிலையையும் சொல்ல வேண்டும். 2011இல் புனேயில் தொடங்கிய ‘பைக்கர்னி’ அமைப்பு நாடெங்கும் பெண் ஓட்டுநர்களை ஒன்றிணைத்தது. எங்கள் கிளைகளில் முன்பு பெரிய வண்டிக்குப் பெண் ஒருவர் விண்ணப்பித்தால், அது கணவருக்கா என்று கேட்கும் பழக்கம் இருந்தது. இப்போது அந்தக் கேள்வி அரிதாகிவிட்டது. முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்லத் துணியமாட்டோம்.

இனி எங்கள் துறைக்கு உரிய பகுதிக்கு வருகிறோம். ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே விபத்து என்றாலும் தொழில் வேறாயின் விளைவு வேறு. வட மாநில நகரம் ஒன்றில் தையல் கடை நடத்திவந்த வாடிக்கையாளர் ஒருவர் லடாக் பயணத்தில் சறுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். உடன் சென்ற நண்பர் அரசு ஊழியர். அதே இடத்தில் விழுந்து தோள்பட்டை நகர்ந்தது. நண்பர் மருத்துவ விடுப்பில் இருந்தார். மாதச் சம்பளம் கணக்கில் வந்து சேர்ந்தது. தையல்காரரின் கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது.

அவருடைய காப்பீட்டு ஆவணத்தைப் பார்த்தோம். புதிய இருசக்கர வாகனங்களுக்கு 2018 செப்டம்பர் முதல் ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்தக் காப்பீடு நடப்பில் இருந்ததால் தம் வண்டிக்கும் காப்பீடு உள்ளது என்றே அவர் எண்ணியிருந்தார். சொந்த வாகனச் சேதத்துக்கான பகுதி முதல் ஆண்டோடு முடிந்து, புதுப்பிக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருந்தும் பயனில்லை. அது மரணத்துக்கும் உறுப்பு இழப்புக்கும் நிரந்தர முடக்கத்துக்கும் உரியதே அன்றி, மூன்று மாதத்தில் கூடிவிடும் எலும்பு முறிவுக்கு உரியதன்று. தற்காலிகமாக வேலை செய்ய இயலாத வாரங்களுக்குத் தொகை வழங்கும் தனிநபர் விபத்துக் காப்பீடுகள் தனியே கிடைக்கின்றன. சம்பளம் வாங்குவோரைவிடச் சுயதொழில் செய்வோருக்கே அவை அதிகம் தேவை. ஆனால் அவற்றைக் கேட்டு வருவோரில் சம்பளம் வாங்குவோரே மிகுதி!

அவரைக் காப்பாற்றியது வேறொன்று. இரண்டாம் தவணை தவறியவுடன் அவர் மனைவி கிளைக்கு நேரில் வந்து நிலைமையைச் சொன்னார். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன் வந்ததால் தவணைகளை மாற்றி அமைக்க வழி கிடைத்தது. கடனும் முடிந்தது, வண்டியும் அவரிடமே இருக்கிறது. இப்போது மூன்று மாதத் தவணைக்கு ஈடான தொகையைத் தனி வைப்பாக வைத்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்கிறார்.

தொழிலோடு தொடர்புடைய மற்றொரு செய்தி காப்பீட்டு ஆவணத்தின் ‘பயன்பாட்டு வரையறை’ப் பகுதியில் உள்ளது. தனிப்பயன்பாட்டு வண்டிக்கான காப்பீடு, வாடகைக்கு ஓட்டுவதையும் சரக்கு ஏற்றுவதையும் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றையும் ஏற்பதில்லை. மாதிரிப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. எனவே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தம் பையோடு செல்லலாம். மாலையில் அதே வண்டியில் கட்டணம் பெற்று ஆளேற்றிச் செல்பவரோ விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்டால் மறுக்கப்பட வாய்ப்பு மிகுதி. தவணை கட்டுவதற்காகவே அப்படி ஓட்டும் இளைஞர்கள் பலரை நாங்கள் அறிவோம். அவர்கள் தங்கள் பயன்பாட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, உரிய பதிவையும் காப்பீட்டையும் பெற வேண்டும். பூட்டான், நேபாளம் செல்வோர் புறப்படுமுன் கூடுதல் பிரீமியம் செலுத்திக் காப்பீட்டின் நில எல்லையை நீட்டித்துக்கொள்ள வேண்டும். பொருத்திய பக்கப் பெட்டிகளையும் கூடுதல் விளக்குகளையும் ஆவணத்தில் குறிப்பிடச் செய்யாவிட்டால் அவற்றுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தின் ஆண்டு ஜூன் முதல் தேதியில் தொடங்குகிறது. பிரீமியம் மே இறுதியில் கணக்கிலிருந்து எடுக்கப்படும். பயணச் செலவுக்காகக் கணக்கை வழித்தெடுத்துவிட்டு மலைக்குப் புறப்படும் நாட்களும் அவையே என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

கடன் முடிந்தவர்கள், வங்கி தரும் தடையில்லாச் சான்றையும் படிவம் 35ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து, பதிவுச் சான்றில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு, வண்டியை விற்கும் நாளில் கிளைக்கு ஓடிவருவோரில் பட்டயக் கணக்காளர்களும் உண்டு. புதிதாகக் கடன் வேண்டுவோர் மணாலி சாலை திறப்பதற்கு முன், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுவது நல்லது. மார்ச் மாதத்தில் வேண்டாம்; ஆண்டுக் கணக்கு முடிக்கும் அந்நாட்களில் வண்டியைப் பற்றி நின்று பேச எங்களுக்கு விருப்பம் இருந்தாலும் நேரம் இருப்பதில்லை.