அமோனியாவில் கறுத்த ஓக் மேசை

ஆலைகளின் மலிவான அலங்காரத்துக்கு எதிராக இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் முதலியோர் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கலை-கைவினை இயக்கத்தின் சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் ஓக் மரத்தாலானவை. கொழும்பில் முத்துக் குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இவ்வியக்கத்தாரோடு நெருங்கிப் பழகியவர். இடைக்காலச் சிங்களக் கலை குறித்து 1908இல் வெளியான அவரது நூல், மாரிஸின் அச்சகத்தில் முன்பு ஓடிய கைஅச்சு இயந்திரத்திலேயே அச்சானது.

இவ்வியக்கத்தாரின் மேசைகளில் சட்டத்தின் நாக்கு, காலில் குடைந்த துளையைக் கடந்து மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்க, மர ஆணி அதை இறுக்கும். இணைப்பை மறைக்காமல் காட்டுவதே இவர்களின் கொள்கை. ஆயினும் இம்மேசைகளின் உண்மையான விந்தை அவற்றின் நிறமே. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்களைக் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டைவிட்டு வெளியேற்றிய அதே அமோனியாதான் அந்நிறத்தைத் தந்தது. பூச்சிடாத மேசையை இறுக மூடிய அறையில் நிறுத்தி, அடர்ந்த அமோனியாக் கரைசலைத் தட்டுகளில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுவர். ஆவாரம்பட்டையிலும் கருவேலம்பட்டையிலும் இருந்து தோலைப் பதப்படுத்தும் டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் ஓக்கின் வைரத்திலும் மிகுந்திருப்பதால், அது ஆவியோடு வினைபுரிந்து மரத்தையே பழுப்பாக்கிவிடும். குதிரை லாயங்களின் உத்தரங்கள் தாமாகக் கறுத்ததைக் கண்டே இம்முறை பிறந்தது என்பர். அமெரிக்காவில் அறைகலன் தயாரிப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி இதைப் பெரிய அளவில் கையாண்டார். பட்டையை ஒட்டிய வெளிர்மரத்தில் டேனின் குறைவாதலால் அங்கே நிறம் ஏறாது. பலகையின் ஓரத்தில் வெளிறிய கோடாக அது நின்றுவிடும்.

விவரமறியாதோர் அக்கோட்டைக் குறையென்று கருதி, உப்புத்தாளிட்டுத் தேய்த்து, மெலமைன் பாலிஷ் அடித்துப் பளபளப்பாக்கும்போது, மரத்துக்குள் விளைந்த நிறத்தின் மேலடுக்கும் தூளாய்ப் போகிறது. ராயபுரம் போன்ற பகுதிகளின் பழைய வீடுகளிலிருந்து கைமாறும் பர்மாத் தேக்கு மேசைகளுக்கும் இதே கதி நேர்வது வருந்தத்தக்கது. தேக்கு அமோனியாவுக்கு ஓக்கைப் போல் கறுப்பதில்லை என்றாலும், பல்லாண்டுப் புழக்கத்தில் கனிந்த அதன் மேற்பரப்பை எந்தப் பாலிஷாலும் மீட்க இயலாது. புதுமெருகு வேண்டுமென்போர் புதுமேசை வாங்கிக்கொள்வதே முறை. பழையதற்கு, தூசு துடைத்தபின் ஆண்டுக்கு ஓரிரு முறை மென்துணியால் தேய்க்கும் தேன்மெழுகு போதும்.