அலகும் விமானியும்

விமானமோட்டப் பயிலும் மாணவன் முதலிற் கற்க வேண்டியது அலகு. இருபதாயிரம் என்பது வெறும் எண்; இருபதாயிரம் கிலோகிராம் என்றாலன்றி அது ஓர் அளவாகாது. இது சிறுபிள்ளைகளும் அறிந்ததே என்போர், 1983ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் கனடாவில் நிகழ்ந்ததைக் கேட்டல் நன்று.

அதற்கு முன் மூன்று வரைவிலக்கணங்கள் வேண்டும். ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு திணிவு. அதன் அலகு கிலோகிராம். அத்திணிவைப் பூமி ஈர்க்கும் விசை நிறை; அதன் அலகு நியூற்றன். ஒரு கிலோகிராம் திணிவு பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய 9.8 நியூற்றன் நிறையுடையது. சந்தையில் இரண்டையும் ஒன்றாகவே வழங்குவர், அதனாற் கேடில்லை. ஓரலகு கனவளவில் உள்ள திணிவே அடர்த்தி.

விமானிக்கு அன்றாடம் துணையாவது இந்த அடர்த்திதான். எரிபொருள் வண்டி லீற்றரில் அளந்து ஊற்றுகிறது; விமானியோ திணிவிற் கணக்கிடுகிறான். வெப்பம் ஏறினால் எண்ணெய் விரிந்து கனவளவு கூடும், திணிவு மாறுவதில்லை. ஆகவே லீற்றரைக் கிலோகிராமாக்க அடர்த்தியாற் பெருக்குதல் வேண்டும்.

மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரன் செல்லவிருந்த போயிங் 767 விமானத்தில் எரிபொருள்மானி பழுதுற்றிருந்தது. கோலிட்டு அளந்ததில் 7,682 லீற்றர் இருப்பது தெரிந்தது. வேண்டியது 22,300 கிலோகிராம். கணக்கிட்டோர் அடர்த்தியை 1.77 எனக் கொண்டனர். அது ஒரு லீற்றரில் எத்தனை இறாத்தல் என்பதைக் கூறும் எண். கிலோகிராமில் அது ஏறக்குறைய 0.8 மட்டுமே. கனடா மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பெருக்கலிற் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஊற்றியது 4,916 லீற்றர். ஊற்றியிருக்க வேண்டியதோ 20,000 லீற்றருக்கும் மேல். ஒட்டாவாவில் மீண்டும் அளந்தனர், அதே 1.77ஆற் பெருக்கித் திருப்தியுற்றனர்.

விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தது. மண்ணெண்ணெய் நீரில் மிதக்கும் என்பது அடுக்களையிற் கண்ட உண்மை. ஒரு லீற்றர் நீரின் திணிவு ஒரு கிலோகிராம். அவ்வாறாயின் நீரில் மிதக்கும் எண்ணெய் லீற்றருக்கு 1.77 கிலோகிராம் ஆவதெங்ஙனம்? இவ்வொரு கேள்வி எழுந்திருப்பின் அக்கணக்கு அங்கேயே நின்றிருக்கும்.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. (உயரத்தைப் பெரும்பாலான நாடுகளின் விமானிகள் இன்றும் அடியிலேயே கூறுவர்.) சிறிது நேரத்தில் இரு எஞ்சின்களும் ஓய்ந்தன. மிதவை விமானமோட்டிப் பழகிய கப்டன் றொபேட் பியர்சன், கிம்லியிலுள்ள பழைய விமானப்படைத் தளத்தில் அதனை இறக்கினார். அன்று அந்த ஓடுபாதையிற் காரோட்டப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.