ஓட்டை எங்கே இருக்கிறது?

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களை உயர்தர வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். ‘மாறுகொளக் கூறல்’ என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், ‘எந்திரன்’ படத்திலும் அந்தக் குற்றம் இருக்குத்தானே?”

வகுப்பு சிரித்தது. ஆனால் நேயர்களே, அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று.

கற்பனைக் கதையில் நடவாதது நடப்பது குற்றமாகாது. 2010இல் ஷங்கர் இயக்கிய அப்படத்தில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றுகூடிப் பந்தாக உருள்கின்றன. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அதற்கு நாம் உடன்பட்டுவிடுகிறோம். கதை தான் வகுத்த நியாயத்தைத் தானே மீறினால்தான் குற்றம். 1991இல் வந்த ‘ரேர்மினேற்றர் 2’ படத்தைப் பாருங்கள். எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரத்தின் சிப்பை வைத்தே அவ்வியந்திரங்களுக்கு வித்திடும் ஆராய்ச்சி நடக்கிறது. அப்படியானால் அதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? மகளே தாயைப் பெற்ற கதைதான்.

என் மாணவன் சுட்டியது வேறோர் இடம். விஞ்ஞானி வசீகரன், ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கிய சிட்டியைக் கோபத்தில் வெட்டிச் சிதைக்கிறார். துண்டுகள் குப்பைமேட்டுக்குப் போகின்றன. போரா அவற்றைத் தேடியெடுத்து, சிட்டியை அழிவுக் கருவியாக்குகிறார்.

“அவ்வளவு படித்தவர் அதை உருக்கியாவது இருக்கமாட்டாரா, சேர்?”

“காரணம் போதவில்லை, இது ‘குன்றக் கூறல்’” என்று நானும் தீர்ப்பளித்தேன்.

களனிப் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன் பின்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னான்: “இல்லை சேர். குப்பையில போட்டால் முடிஞ்சுது என்றுதானே எல்லாரும் நினைக்கிறாங்க.”

வகுப்பு அடங்கிவிட்டது. களனி ஆற்றுக்குத் தெற்கே மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாசலில் வைத்துவிட்டு நாம் மறந்துபோன குப்பை அது.

என் தீர்ப்பை மீளப்பெற்றேன். கதாசிரியர் விடும் பிழை வேறு. கதைமாந்தர் விடும் பிழை வேறு. சிட்டிக்கு உணர்ச்சியை ஊட்டியவர் வசீகரனே. விளைவு கசந்ததும் கண்காணாத இடத்தில் கொட்டிவிட்டார். மனிதர் அப்படித்தான் செய்வர்.

செயற்கை அறிவு இன்று நம் கைத்தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. இத்தகைய படங்களில் ஓட்டை தேடுவோர், தவறியவர் கதாசிரியரா கதைமாந்தரா என்று முதலில் கேட்பது நல்லது. அன்று எனக்குப் பாடம் நடத்தியவன் அந்தப் பின்வரிசை மாணவன்.