இங்கிலீஷ் பரீட்சையில் மார்க்கு எங்கே போகிறது?

மூன்று பேர் பரீட்சை எழுதினார்கள். மூன்று பேருமே தோற்றார்கள்!

அது என்ன பரீட்சை? இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-ம் ஆண்டு முதன்முதலாக நடத்திய இங்கிலீஷ் பரீட்சை. மொத்தம் 12 மணி நேரம். இலக்கணத்துக்குத் தனித் தாளே உண்டு.

அந்த மூவர் பட்ட பாட்டை இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் படுகிறார்கள். மத்திய அரசு வேலைகளுக்காகப் பணியாளர் தேர்வு ஆணையம் 2023-ல் நடத்திய பட்டதாரிப் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் கட்டத்தில் இங்கிலீஷுக்கு 25 கேள்விகள். சரியான விடைக்கு 2 மார்க்கு. தப்பான விடைக்கு அரை மார்க்கு பிடித்தம்! குருட்டாம்போக்கில் குறி போட்டால், கையில் இருப்பதும் போய்விடும்.

காலம் காட்டும் சொல்

கோடிட்ட இடத்தில் எந்த வினைச்சொல்லைப் போடுவது? முதலில், காலம் காட்டும் சொல்லைத் தேட வேண்டும். "எஸ்டர்டே" என்று இருந்தால் நேற்று நடந்தது. "கோ" வராது, "வென்ட்" வரும். "எவ்ரி டே" என்றால் தினமும் நடப்பது. அவன் போகிறான் என்பதற்கு "ஹி கோஸ்" வரும்.

நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் "சின்ஸ்". அவன் 2015-லிருந்து இங்கே இருக்கிறான் என்கிறோம். "இருக்கிறான்" நிகழ்காலம்தானே என்று பையன் "இஸ்" என்ற விடையைத் தொடுகிறான். தப்பு! அன்று தொடங்கி இன்றுவரை நீடிப்பதற்கு இங்கிலீஷில் தனி வடிவம் உண்டு. "ஹாஸ் பீன்" என்பதே சரி.

இன்னொன்று: "டிட்" வந்துவிட்டால் அதுவே இறந்த காலத்தைக் காட்டிவிடும். பின்னால் "வென்ட்" எதற்கு? "டிட் நாட் கோ" என்பதே சரி.

"கோ" எப்படி "வென்ட்" ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நம் "வா" மட்டும் "வந்தான்" ஆகவில்லையா? இப்படிப்பட்ட சொற்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

நிலா நீலமா?

அடுத்தது மரபுத்தொடர். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றால் என்ன? சொல்லுக்குச் சொல் பார்த்தால் நீல நிலா. விடைகளில் நிலவைப் பற்றியும் ஒன்று இருக்கும். அதுதான் பொறி! சரியான பொருள், "மிக அபூர்வமாக". நாம் "அத்தி பூத்தாற்போல" என்கிறோமே, அதே கதைதான். அங்கே நிலாவும் இல்லை, இங்கே பூவும் இல்லை. மரபுத்தொடரைப் பிரிக்கக் கூடாது. முழுசாகப் பொருளோடு படிக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது

இங்கிலீஷ் தெரியாத தாயும் பிள்ளைக்கு உதவலாம். தினம் ஐந்து கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும், "ஏன் இந்த விடை?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழிலேயே காரணம் சொல்லட்டும். தயங்காமல் சொன்னால் பாடம் ஏறிவிட்டது. "சும்மாதான் போட்டேன்" என்றால், அந்தப் பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பரீட்சைக் கூடத்தில் போகும் அரை மார்க்கை வீட்டுத் திண்ணையிலேயே தடுத்துவிடலாம்!