உஷார்! மைலேஜ் ஆசை டர்போ இன்ஜினைத் தின்றுவிடும்

டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சாவியை எடுங்கள்.

ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ கார்கள் நம் சாலைகளில் பெருகிவிட்டன. கூடவே மைலேஜ் யோசனைகளும் பெருகிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் வருகிறது, பங்க்கில் பெட்ரோல் போடும்போதுகூட யாராவது சொல்கிறார்கள். அவற்றில் பல, டர்போ இல்லாத பழைய கார்களுக்குச் சொன்னவை. அதே வேலையை டர்போவில் செய்தால் மிச்சமாவது சில ரூபாய், போவது பிஸ்டன்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இந்த யோசனையில்தான் இருக்கிறது: "சீக்கிரமா டாப் கியருக்குப் போயிடு, ஆர்பிஎம்மை ஏறவிடாதே." சமதளத்தில், காலை லேசாக வைத்து ஓட்டும்போது இதில் தவறில்லை. சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றம் வருகிறது என்று வையுங்கள். வண்டியில் ஐந்து பேர், ஏசி ஓடுகிறது, ஐந்தாவது கியர், முள் 1,400-ல் நிற்கிறது. வண்டி திணறுகிறது. கியரை இறக்க மனமில்லாமல் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்கிறீர்கள். அந்த நொடியில் டர்போ காற்றை நெருக்கித் திணிக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறுகிறது, ஆனால் பிஸ்டன் மெதுவாகத்தான் நகர்கிறது. சிலிண்டர் சுவரில் இருந்து தெறித்த ஒரு சொட்டு ஆயிலோ, ஒரு துணுக்குக் கரியோ போதும், ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தீப்பற்றிவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிரில் வெடிப்பு. ஒரே ஒரு தடவை பலமாக நடந்தால்கூட பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடலாம். கனெக்டிங் ராட் வளைந்த இன்ஜின்களும் உண்டு.

இது ஏதோ ஒரு கம்பெனியின் தயாரிப்புக் கோளாறு இல்லை. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆபத்து. இதற்காகவே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ 2018-ல் எஸ்என் பிளஸ் என்றும், 2020-ல் எஸ்பி என்றும் புதிய ஆயில் தரங்களைக் கொண்டுவந்தது. ஆயிலில் கால்சியம் வகைச் சேர்மானம் அதிகமாக இருந்தால் இந்த முன்வெடிப்பு கூடுகிறது என்று தெரிந்த பிறகு, சேர்மானத்தையே மாற்றினார்கள். ஆகவே "எல்லாம் ஒரே ஆயில்தான் சார்" என்று டின்னில் இருப்பதை ஊற்ற வரும் கடையில் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். கையேட்டில் என்ன கிரேடு, என்ன தரம் போட்டிருக்கிறதோ அதே எழுத்து டப்பாவின் மேலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மைலேஜ் கூடும் என்று கையேட்டில் இல்லாத மெல்லிய ஆயிலுக்குத் தாவுவதும் வேண்டாம்.

ஏற்றத்தில் கியரை இறக்குங்கள். முள் 2,000-ஐத் தாண்டட்டும், அப்புறம் மிதியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸே இறக்கிக் கொடுத்துவிடும். மேனுவல் ஓட்டுகிறவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

அதே தொப்பூரில் எதிர்த்திசையில் இன்னொரு கொடுமை நடக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கின்றன! காரிலும் அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கியரில் வைத்துக் காலை எடுத்தாலே இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், பெட்ரோல் சொட்டுக்கூடப் போகாது. நியூட்ரலுக்குத் தள்ளினால்தான் ஐட்லிங்கில் ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இதைச் செய்வதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அடுத்தது, சாலையோர டீக்கடை. பைபாஸில் விரட்டி வந்து, நிறுத்திய கணமே சாவியைத் திருகுகிறோம். டர்போ சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றக்கூடியது. வெளியேறும் புகையின் சூட்டிலேயே அது வாழ்கிறது. இன்ஜின் நின்றால் அதன் பேரிங்குக்கு ஆயில் போவதும் நிற்கும். தங்கிய ஆயில் அங்கேயே கருகிக் கரியாகப் படியும். இப்போதைய கார்கள் பலவற்றில் தண்ணீர்க் குளிர்ச்சி இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் வேகமாக ஓட்டி வந்த பிறகு ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். அதற்குச் செலவாகும் பெட்ரோல் பத்துப் பதினைந்து மில்லி, ஓரிரு ரூபாய்தான். டர்போ மாற்றினால் பல பத்தாயிரங்கள்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. லிட்டர் கணக்கில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இந்தக் கவலையைக் காசாக்கத்தான் ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் 'ஃபியூல் சேவர்' டப்பாக்களும், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தங்களும், டேங்கில் போடும் மாத்திரைகளும் விற்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கருவிகளைப் பரிசீலித்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் தந்தது எதுவும் இல்லை. விலை மலிவான செருகு டப்பாக்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே மினுக்கும் விளக்குகளைத்தான் கண்டார்கள். யார் செய்தது என்றே தெரியாத ஒரு பொருளை காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். மைலேஜுக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி 'ரீமேப்' செய்து தருகிறேன் என்பவரிடம் போனால் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

உண்மையான மிச்சம் உங்கள் வலது காலில் இருக்கிறது. மெதுவாக மிதிக்கும்வரை ஒரு லிட்டர் இன்ஜின் ஒரு லிட்டர் இன்ஜினாகவே குடிக்கும். அழுத்தி மிதித்து டர்போவை முழுதாக எழுப்பினால், சூட்டைத் தணிப்பதற்காகவே பல இன்ஜின்கள் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. வேகமும் அப்படித்தான்: 90-ல் இருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். டயர் காற்றழுத்தம் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவில் இருக்கட்டும். மைலேஜுக்காக அதற்கு மேல் ஏற்றினால் மழையில் பிரேக் பிடிக்கும்போது தெரியும் விபரீதம்.

ஏற்றத்தில் மிதித்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டிருந்தால், ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்தால், பின்னால் நீலப் புகை தெரிந்தால், அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் மெக்கானிக்கிடம் போகும்வரைகூடக் காத்திருக்க முடியாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.