வில்லும் மின்சாரக் கிதாரும்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இன்று மாநில எல்லை செல்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை ராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்ததேயன்றிப் பாட்டு பிரியவில்லை. நாம் வில்லுப்பாட்டு என்பதை அங்குள்ளோர் வில்லடிச்சான் பாட்டு என்பர். இரவிக்குட்டிப் பிள்ளையின் போர்க்கதை போன்ற பாடல்களில் தமிழும் மலையாளமும் கைகோத்தே நடக்கின்றன.

அவ்வூர்களுக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் 2003ஆம் ஆண்டு 'அவியல்' என்னும் இசைக்குழு தோன்றிற்று. இது மாற்று ராக் எனும் வகையைச் சேர்ந்தது. மின்சாரக் கிதாரும் டிரம்ஸும் முழங்கும் மேனாட்டு ராக் இசையில், சந்தை விரும்பும் வாய்பாட்டுக்கு அடங்காமல் தனிவழி தேடியவர்களின் இசைக்கே இப்பெயர் வழங்குகிறது. அதுவரை கேரளத்தில் பெயர்பெற்ற ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின. கொச்சியின் 'தெர்ட்டீன் ஏ.டி.', 'மதர்ஜேன்' ஆகியவை இதற்குச் சான்று. அவியல் குழுவினரோ மலையாளத்தில் பாடினர். நாட்டுப்பாடல்களின் சொல்லையும் சந்தத்தையும் எடுத்தாண்டனர்.

குழுவின் ஒலி ஒரே நிலையில் நிற்கவில்லை. 'நட நட' என்ற பாடலால் அவர்களை நாடறியச் செய்த பாடகர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் பின்னர் விலகினார். டோனி ஜான் பாடும் பொறுப்பை ஏற்றார். 2008இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பில் ரெக்ஸ் விஜயனின் கிதார் ஒலி ஓங்கி நின்றது. 2011இல் அவர்களது 'ஆனக்கள்ளன்' என்னும் பாடல் 'சால்ட் அண்ட் பெப்பர்' திரைப்படத்தில் இடம்பெற்றது. பாடகர் மாறினார், மேடை மாறிற்று. தாய்மொழியின் நடை மட்டும் மாறவில்லை. பல காய்கள் ஒரு பாத்திரத்தில் வெந்தும் தத்தம் சுவையை இழவாத கறியின் பெயர் அக்குழுவுக்குப் பொருத்தமே.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சி நடந்தது. 2018இல் சென்னையில் முதன்முதல் மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாப் பாட்டையும் பறையையும் கிதாருடன் சேர்த்தனர். சாதிக் கொடுமையைக் கண்டிக்கும் சொற்களைச் சென்னைப் பேச்சுமொழியிலேயே பாடினர்.

இது மரபைக் கெடுக்கும் செயல் என்று வருந்துவோர் உளர். வில்லுப்பாட்டையே நோக்குவோம். வில், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்பன அதன் பழைய கருவிகள். பிற்காலத்தில் ஆர்மோனியமும் தபேலாவும் வந்து சேர்ந்தன. வில்லுப்பாட்டு அதனால் அழிந்துவிடவில்லை. குடத்தின் வாயில் பத்தி விழும்போது எழும் கனத்த ஒலி செய்யும் வேலையைத்தான் ராக் குழுவில் பேஸ் கிதார் செய்கிறது. கருவி வேறு, தொழில் ஒன்று.

ஆகவே, எக்கருவி புகுந்தது என்பதைவிட, எவருடைய பேச்சு பாட்டில் ஒலிக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. எல்லையூர்களின் கலப்புமொழியைப் பள்ளிப் புத்தகம் எதுவும் கற்பிப்பதில்லை. அது பாட்டிலும் பேச்சிலுமே உயிர் வாழ்கிறது. பாடுவார் இன்றேல் அது மறையும்.

தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் பிள்ளைகள் கிதார் ஒலியை விரும்பிக் கேட்கின்றனர். அதைத் தடுப்பதால் பயனில்லை. அவர்களுடன் அமர்ந்து அதை நாமும் கேட்போம். பின் ஒரு வில்லுப்பாட்டையும் கேட்கச் செய்து, பொருள் விளங்காத ஊர்ச்சொற்களை எடுத்துச் சொல்வோம். அச்சொற்களை அறிந்த பிள்ளையே நாளை அவற்றைப் புதிய இசையில் பாட இயலும்.